வைபை பாஸ்வேர்டு மறந்து போச்சா? முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்க!

நெய்வேலி:-

வீட்டில் "வைபை" இருக்கிறது. மாதம் தவறாமல் பணமும் கட்டியாகிறது. ஆனால் புது செல்போன் வாங்கி வந்தால் அதில் இணைக்க முடியவில்லை. காரணம், பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இல்லை!

நெய்வேலி டவுன்ஷிப்பில் பல குவார்ட்டர்ஸ்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது.

தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, புதுச்சேரி என்று தென்னகம் முழுவதற்கும் கரண்டு கொடுக்கிற ஊர் இது. அந்த ஊரில், வீட்டுக்குள் இருக்கிற ஒரு சின்னப் பெட்டியின் பூட்டைத் திறக்க முடியாமல் பெரியவர்கள் தவிக்கிறார்கள்.

இப்படி மறந்துபோன பாஸ்வேர்டை வீட்டில் இருந்தபடியே, காசு செலவு இல்லாமல் கண்டுபிடித்து விடலாம். அவசரப்பட்டுச் செய்கிற சில காரியங்கள்தான் வம்பில் மாட்டி விடும்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

மகன் வைத்த பூட்டு

நெய்வேலியில் வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய வீடுகள். என்.எல்.சி.யில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் நன்றாகப் படித்து, சென்னை, பெங்களூர், வெளிநாடு என்று போய் விடுகிறார்கள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வந்த மகன் வைபை இணைப்பு வாங்கிக் கொடுக்கிறான். பாஸ்வேர்டு போடுகிறான். அப்பா போனிலும், டி.வி.யிலும் அவனே இணைத்தும் கொடுக்கிறான். லீவு முடிந்ததும் ஊருக்குப் போய் விடுகிறான்.

பிறகு 2 வருடம், 3 வருடம் யாரும் அந்த பாஸ்வேர்டைக் கேட்பதே இல்லை. ஒருமுறை இணைத்த போன் தானாகவே இணைந்து கொள்வதால், அது தேவைப்படுவதும் இல்லை.

பழைய போன் கீழே விழுந்து உடைகிற அன்றுதான் தெரிகிறது, பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாது என்று. மகனைக் கேட்டால் "எனக்கும் ஞாபகம் இல்லையேப்பா" என்கிறான்!

பேரன் முகமும் பென்சனும்

"போனால் போகட்டும்" என்று விட்டுவிடவும் முடியாது.

அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பேரனின் முகத்தை வீடியோவில் பார்ப்பதே பல பாட்டிகளுக்கு அன்றாட சந்தோஷம்.

இன்னொரு முக்கியமான விஷயம், பென்சன்.

பென்சன் வாங்குபவர்கள் "உயிரோடு இருக்கிறேன்" என்று வருடத்துக்கு ஒருமுறை சான்று கொடுக்க வேண்டும். இதை டிஜிட்டல் முறையில் கொடுக்கும் "ஜீவன் பிரமாண்" திட்டத்தை 2014-ம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு தொடங்கியது. கை ரேகை சரியாகப் பதியாத முதியவர்களுக்காக, செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் வசதி 2021-ல் வந்தது.

பேங்க் வாசலில் கால் கடுக்க நிற்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலை முடிந்து விடும். ஆனால் போனில் இன்டர்நெட் இருக்க வேண்டும். செல்போன் டேட்டா போடாமல் வைபையை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டில், பாஸ்வேர்டு தொலைந்தால் அந்த வேலையும் நின்று போகும்.

பதற வேண்டாம்

பாஸ்வேர்டு நம் ஞாபகத்தில் இருந்துதான் போயிருக்கிறது. பெட்டியின் ஞாபகத்தில் இருந்து போகவில்லை.

"ரூட்டர்" எனப்படும் வைபை பெட்டி, பாஸ்வேர்டைத் தனக்குள் பதிந்து வைத்திருக்கிறது. கரண்டு போனாலும், ஸ்விட்சை அணைத்தாலும் அது அழியாது. இணைந்திருக்கும் ஒவ்வொரு போனிலும், கம்ப்யூட்டரிலும் அதற்கு ஒரு நகல் இருக்கிறது.

எனவே வீட்டில் ஏதாவது ஒரு கருவியில் வைபை வேலை செய்து கொண்டிருந்தால், பாதிக் கவலை தீர்ந்தது.

ஒன்று மட்டும் கவனம். வேலை செய்கிற அந்தப் போனில், "இந்த நெட்வொர்க்கை மறந்து விடு" என்ற பொருளில் "ஃபர்கெட்" என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தவே கூடாது. அழுத்தினால் இருக்கிற நகலும் போய் விடும்!

மண்ணுக்கு அடியில் கரி... பெட்டிக்கு அடியில் சாவி!

நெய்வேலியின் கதை எல்லோருக்கும் தெரியும். 1935-ம் ஆண்டு வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் பிறந்தது. 1962-ல் கரண்டு உற்பத்தி ஆரம்பமானது. அத்தனை காலமும் புதையல் காலடியில்தான் கிடந்தது.

பாஸ்வேர்டு கதையும் பல வீடுகளில் அப்படித்தான்.

வைபை பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினால், அடியிலோ முதுகிலோ ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் பொடி எழுத்தில் இரண்டு விஷயம் இருக்கும்.

"எஸ்.எஸ்.ஐ.டி." என்று போட்டிருந்தால் அது வைபையின் பெயர். "கீ" அல்லது "பாஸ்வேர்டு" என்று போட்டிருந்தால் அதுதான் சாவி.

பெட்டி வந்த நாளில் இருந்து பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை என்றால், சீட்டில் உள்ளதே செல்லும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்த்து அடிக்க வேண்டும். பூஜ்யமா, "ஓ" எழுத்தா என்பதிலும் கண் ஏமாறும். கண்ணாடி போட்டுக் கொண்டு பார்ப்பது நல்லது. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது அதைவிட நல்லது.

போனே சொல்லும்

சீட்டு கிழிந்து விட்டதா? பாஸ்வேர்டை மகன் மாற்றி விட்டானா? அடுத்த வழி, ஏற்கனவே இணைந்திருக்கும் போன்.

2019-ல் வந்த "ஆண்ட்ராய்டு 10" முதல், அந்த வகை போன்களில் ஒரு வசதி இருக்கிறது. செட்டிங்சில் வைபை பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் வைபை பெயரைத் தொட்டு, "ஷேர்" என்பதை அழுத்த வேண்டும். போன் உங்கள் விரல் ரேகையையோ, ரகசிய எண்ணையோ கேட்கும். கொடுத்ததும் கட்டம் கட்டமாக ஒரு "க்யூ.ஆர்." படம் வரும். மளிகைக் கடையில் பணம் கட்ட ஸ்கேன் செய்கிறோமே, அதே மாதிரி.

புதுப் போனின் கேமராவை அந்தப் படத்துக்கு நேராகக் காட்டினால் போதும். பாஸ்வேர்டு அடிக்காமலே இணைந்து விடும். பல போன்களில் படத்துக்குக் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும்.

"ஐபோன்" வைத்திருப்பவர்களுக்கு 2022-ல் வந்த "ஐ.ஓ.எஸ். 16" முதல் இந்த வசதி உண்டு. வைபை பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் "ஐ" எழுத்தைத் தொட்டால், பாஸ்வேர்டு என்ற வரி இருக்கும். அதைத் தொட்டு முகத்தையோ விரலையோ காட்டினால் தெரியும்.

போனுக்குப் பதில் "விண்டோஸ்" லேப்டாப் இணைந்திருந்தாலும் கவலை இல்லை. அதன் நெட்வொர்க் செட்டிங்சில், அந்த வைபையின் பாதுகாப்புப் பகுதியில் பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாக மறைந்து கிடக்கும். "எழுத்தைக் காட்டு" என்ற பொருளில் உள்ள கட்டத்தில் டிக் அடித்தால் புள்ளிகள் எழுத்தாகி விடும்.

"அம்மா, அப்பா போனை எடு!"

இதையெல்லாம் முதியவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? பெரும்பாலும் ஊரில் இல்லாத பிள்ளைதான், சாதாரண போனில். பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அம்மா, அப்பாவோட போன்ல வைபை வேலை செய்யுதா?"

"செய்யுதுடா. என் புதுப் போன்லதான் வரமாட்டேங்குது."

"சரி, அப்பா போனை எடு. வைபை பேரைத் தொடு. ஷேர்னு இருக்கா?"

"விரலை வைக்கச் சொல்லுதுடா."

"அப்பாவை வைக்கச் சொல்லும்மா! உன் விரல் ஆகாது."

"வச்சிட்டாரு. ஏதோ கட்டம் கட்டமா வந்திருக்கு."

"அதுக்குக் கீழே எழுத்து இருக்கா? அதை ஒரு பேப்பர்ல எழுதிக்கோ."

ஐந்து நிமிட வேலை. அந்தக் கடைசி வரியைத்தான் பல வீடுகளில் செய்ய மறந்து விடுகிறார்கள்.

இரண்டு சாவி

இணைந்த கருவி ஒன்றுகூட இல்லை என்றால், பெட்டியிடமே கேட்கலாம்.

பெட்டிக்குப் பின்னால் உள்ள துளையில் இருந்து லேப்டாப்புக்கு வயர் போட்டு இணைத்தால், வைபை பாஸ்வேர்டு தேவை இல்லை. பிறகு இன்டர்நெட் பார்க்கும் பக்கத்தில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால், பல பெட்டிகளின் உள்பக்கம் திறக்கும். சரியான எண் எது என்பது அடியில் உள்ள சீட்டில் இருக்கும். உள்ளே போனால் பழைய பாஸ்வேர்டைப் பார்க்கலாம், அல்லது புதிதாகப் போடலாம்.

உள்ளே நுழைய வேறொரு பாஸ்வேர்டு கேட்கும். இங்கேதான் பலர் குழம்பிப் போகிறார்கள்.

வைபை பாஸ்வேர்டு என்பது வீட்டு வாசல் சாவி. இது பீரோ சாவி. இரண்டும் வேறு. பீரோ சாவியைப் பலர் மாற்றுவதே இல்லை. கம்பெனி வைத்தபடி "அட்மின்" என்றே பல வீடுகளில் இருக்கும்.

அப்படி விட்டதால் வந்த வினையை 2017-ம் ஆண்டு ஜூலை கடைசியில் நாடு பார்த்தது. பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்களில் கெட்ட புரோகிராம் ஒன்று புகுந்தது. "அட்மின்" என்ற பாஸ்வேர்டை மாற்றாத பெட்டிகளாகப் பார்த்து நுழைந்து செயல் இழக்க வைத்தது. விளக்கு எரிந்தும் இன்டர்நெட் வராமல் பல ஊர்களில் ஜனங்கள் திண்டாடினார்கள். உடனே பாஸ்வேர்டை மாற்றும்படி நிறுவனம் கேட்டுக் கொண்டது.

எனவே பெட்டியின் உள்ளே போனவர்கள், கையோடு பீரோ சாவியையும் மாற்றி விடுவது நல்லது.

ஊசித் துளையைக் குத்தலாமா?

பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். "ரீசெட்" என்று எழுதியிருக்கும். குச்சியால் 10 வினாடி போல அழுத்திப் பிடித்தால், பெட்டி கடையில் இருந்து வந்த நாளின் நிலைக்குத் திரும்பி விடும். சீட்டில் உள்ள பழைய பாஸ்வேர்டே மறுபடி செல்லும்.

கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் இதுதான் கடைசி வழி.

காரணம், பாஸ்வேர்டோடு சேர்ந்து மற்றதும் அழியும். இணைப்பு கொடுத்த கம்பெனி உங்கள் வீட்டுக்கென்று பதிந்து வைத்த பயனர் பெயர், அதற்கான பாஸ்வேர்டு எல்லாம் போய் விடலாம். அப்புறம் வைபை வரும், ஆனால் இன்டர்நெட் வராது! லைன்மேன் வந்தால்தான் தீரும். அவர் வருகிற வரை, ஓடிக்கொண்டிருந்த டி.வி.யும் நின்று விடும்.

குத்துவதற்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டு விடுவது புத்திசாலித்தனம். சில கம்பெனிகள் தங்கள் செல்போன் ஆப்பிலேயே வைபை பாஸ்வேர்டை மாற்றிக் கொள்ள வசதி தருகின்றன. அப்படி இருந்தால் பெட்டியைத் தொடவே வேண்டியதில்லை.

பூட்டே வேண்டாம் என்றால்...?

"எதற்கு இந்தத் தொல்லை? பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து விட்டால் என்ன? நம்ம வட்டத்தில் எல்லாரும் தெரிந்தவர்கள்தானே!" என்று கேட்பவர்களும் உண்டு.

வைபை அலை சுவரைத் தாண்டும். காம்பவுண்டைத் தாண்டும். ரோட்டில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளும் அதைப் பிடிக்கலாம். அவன் செய்கிற காரியம் உங்கள் வீட்டு விலாசத்தில்தான் பதிவாகும்.

2008-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத்தில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. 50-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் டி.வி. நிலையங்களுக்கு ஒரு மிரட்டல் இ-மெயில் வந்தது. போலீசார் துப்புத் துலக்கியபோது, அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் இருந்து போயிருந்தது தெரிந்தது.

அவருக்கும் குண்டு வெடிப்புக்கும் சம்பந்தம் இல்லை. சரியான பூட்டு இல்லாத அவர் வீட்டு வைபையை வேறு யாரோ பயன்படுத்தி விட்டார்கள். ஆனாலும் போலீஸ் விசாரணையில் அவர் பட்ட பாடு நாடு முழுவதும் பேச்சானது.

இதன் பிறகு 2009 ஜனவரியில் மும்பை போலீசார், பூட்டாத வைபை எங்கே இருக்கிறது என்று தெருத் தெருவாகத் தேடும் வேலையில் இறங்கினார்கள். அதே ஆண்டு, வைபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்கும்படி மத்திய தொலைத் தொடர்புத் துறையும் உத்தரவு போட்டது.

கூகுளில் தேடாதீங்க!

பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு வலை விரிக்கிற கும்பலும் இருக்கிறது.

"கஸ்டமர் கேர் நம்பர்" என்று இன்டர்நெட்டில் தேடினால், மோசடிப் பேர்வழிகள் போட்டு வைத்த போலி நம்பரும் வரும். மறுமுனையில் மரியாதையாகப் பேசுவான். "ஒரு ஆப் போடுங்க ஐயா, இங்கிருந்தே சரி பண்ணிடறேன்" என்பான். போட்டால் உங்கள் போனில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரியும். அடுத்து ஓ.டி.பி. கேட்பான். பென்சன் பணம் காலி!

வைபை பாஸ்வேர்டைச் சொல்ல எந்தக் கம்பெனிக்கும் உங்கள் பேங்க் ஓ.டி.பி. தேவையே இல்லை. பில்லிலும், கம்பெனியின் சொந்த ஆப்பிலும் உள்ள நம்பருக்கு மட்டும் பேச வேண்டும். ஏமாந்து விட்டால் நேரத்தைக் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் கொடுக்க வேண்டும்.

"பக்கத்து வீட்டு பாஸ்வேர்டையும் கண்டுபிடித்துக் கொடுக்கும்" என்று சொல்கிற ஆப்களும் வேண்டாம். இன்னொருவரின் பாஸ்வேர்டை நேர்மையற்ற முறையில் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவின்படி 3 வருடம் வரை ஜெயிலும், 1 லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு.

புது பாஸ்வேர்டு எப்படி?

வைபை பாஸ்வேர்டுக்குக் குறைந்தது 8 எழுத்து வேண்டும். அதனால்தான் பல பேர் 12345678 என்று வைத்து விடுகிறார்கள். இல்லாவிட்டால் சொந்த செல்போன் நம்பர். இரண்டையும் எவனும் ஊகித்து விடுவான்.

நாலு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும். பலா, முந்திரி, ரயில், குடை என்கிற மாதிரி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்கள். பாட்டிக்கும் ஞாபகம் இருக்கும், திருடனுக்கும் சிக்காது. ஆனால் பேப்பரில் வந்து விட்ட இதையே வைத்து விடக்கூடாது!

பெட்டியின் உள்ளே பூட்டு வகை கேட்டால் "டபிள்யூ.பி.ஏ. 2" அல்லது "டபிள்யூ.பி.ஏ. 3" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "டபிள்யூ.இ.பி." என்ற பழைய பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டு விட்டது.

நோட்டில் எழுதுங்கள்

"பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது" என்று கேள்விப்பட்டிருப்பார்கள். ஆபீஸ் மேஜையில் ஒட்டி வைத்தால் தப்புதான். ஆனால் வைபையைத் திருடுகிறவன் வீதியில் இருக்கிறான். உங்கள் பீரோவுக்குள் இருக்கும் நோட்டை அவனால் பார்க்க முடியாது.

எனவே ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் வைத்திருக்கிற இடத்தில் ஒரு நோட்டு போட்டு விடலாம். வைபையின் பெயர், பாஸ்வேர்டு, பெட்டியின் உள்பக்க பாஸ்வேர்டு, இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, வாடிக்கையாளர் எண், கம்பெனியின் போன் நம்பர் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. கணவருக்குத் தெரிந்தது மனைவிக்கும் தெரிய வேண்டும். இணைப்பு வாங்கியவர் ஆஸ்பத்திரியில் படுத்து விட்டால், அந்த நேரத்தில்தான் பிள்ளைகளோடு பேச வீட்டுக்கு வைபை தேவைப்படும்.

ரிட்டையர் ஆகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்துக்கோ, வடலூருக்கோ, சொந்த ஊருக்கோ போகிற அவசரத்தில், பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் அப்படியே போட்டு விடக்கூடாது. அது உங்கள் பெட்டி என்றால், கொடுப்பதற்கு முன் அந்த ஊசித் துளையைக் குத்தி, உள்ளே இருப்பதை அழித்து விட வேண்டும். கம்பெனியின் பெட்டி என்றால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக் கொள்ள வேண்டும்.

அடுத்த லீவுக்கு மகனோ மகளோ வீட்டுக்கு வரும்போது, ஊருக்குத் திரும்பிப் போகும் முன் அந்த நோட்டில் எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக் கொள்வது நல்லது.